ஒன்பது கடிதங்களும் ஒரு சாய்ந்த கோபுரமும்

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியது)

சென்ற ஆண்டு மலரில் என் பெயரைத் தேடியவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டீர்கள். நான் மட்டும் தேடினேன், அது அங்கே இராது என்று நன்கு தெரிந்தும்கூட. ஒன்பதாம் வகுப்பில் எங்கள் தமிழாசிரியை, "நீ ஒரு கட்டுரை எழுதிக் கொடு" என்று தாமாகவே அழைத்துச் சொன்னார்கள். எவ்வளவு பெரிய மகிழ்ச்சி! அன்று இரவே உட்கார்ந்து எழுதினேன். மறுநாள் படித்துப் பார்த்தபோது இரண்டாம் பத்தி பிடிக்கவில்லை. திரும்பவும் எழுதினேன். மூன்றாம் முறை எழுதும்போது பேனா மை கசிந்தது. நான்காம் முறை, முடிவுரை சரியாக அமையவில்லை என்று தோன்றிற்று. இப்படியே கடைசி நாள் வந்துவிட்டது. ஆசிரியை கேட்டார்கள். நான் எழுந்து நின்று, "எழுதவில்லை டீச்சர், மறந்துவிட்டேன்" என்றேன். நான்கு கட்டுரைகள் என் பைக்குள் இருந்தன.

அந்தப் பொய்யைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்த நோய் எனக்கு எவ்வளவு தூரம் முற்றியிருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நோய் என்று சொல்வதைக் கேட்டு என் அம்மா சிரிப்பார்கள். "உனக்குக் கை சுத்தம், அவ்வளவுதான்" என்பார்கள்.

தையல் வகுப்பில் எல்லாரும் மேசை விரிப்புக்குக் குறுக்குத் தையலில் ரோஜாப்பூ போட்டோம். என் பூவின் இதழ் ஒன்று மற்றவற்றைவிட ஒரு கட்டம் பெரிதாகிவிட்டது. பிரித்தேன், போட்டேன், மறுபடியும் பிரித்தேன். ஐந்தாம் முறை பிரித்தபோது நூலோடு துணியும் இழை விட்டு, பூ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பொத்தல் விழுந்தது. தையல் சிஸ்டர் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பெரிய இதழை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் அம்மா, இதை எல்லாரும் பார்ப்பார்கள்" என்றார்கள். திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அதற்கும் நான் திருந்தவில்லை. இவ்வாண்டு அரையாண்டுத் தேர்வில் கணக்குப் பாடம். வட்டத்திற்கு வெளியே உள்ள ஒரு புள்ளியிலிருந்து இரண்டு தொடுகோடுகள் வரைய வேண்டும், எட்டு மதிப்பெண். எனக்கு நன்றாகத் தெரிந்த வினாவாயிற்றே என்று முதலில் அதையே எடுத்தேன். கவராயத்தின் முனை சற்று நகர்ந்து, கோடு வட்டத்தைத் தொடாமல் மயிரிழை விலகி நின்றது. அழித்தேன். அழித்த இடம் கறுத்துவிட்டது. புதுப் பக்கம் எடுத்தேன். மூன்றாம் படம்தான் எனக்குத் திருப்தி தந்தது. தலை நிமிர்ந்தபோது கடிகாரத்தில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் போயிருந்தது. முடிவில் ஐந்து மதிப்பெண் வினாக்கள் நான்கைத் தொடவே இல்லை. விடைத்தாள் வந்தது. படத்திற்கு எட்டுக்கு எட்டு. எழுதாமல் விட்டவற்றுக்கு இருபதுக்குப் பூஜ்யம். எட்டைக் காப்பாற்ற இருபதைக் கொடுத்த வியாபாரி நான்! கணக்குத் தேர்வில் இதைவிட மோசமான கணக்கு வேறு உண்டா?

ஆனால் என்னை உலுக்கியது தேர்வு அன்று. அது ஆச்சியின் கடிதம்.

அப்பாவைப் பெற்ற எங்கள் ஆச்சி தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊரில் இருக்கிறார்கள். வீட்டில் தொலைபேசி உண்டு. ஆனாலும் ஆச்சிக்குக் கடிதம் வேண்டும். தலையணைக்கு அடியில் வைத்துத் திரும்பத் திரும்பப் படிக்கலாம் அல்லவா? சென்ற ஆண்டு கோடை விடுமுறை முடிந்து புறப்படும்போது, "மாசத்துக்கு ஒரு கடுதாசி போடு" என்று என் கையைப் பிடித்துக் கேட்டார்கள். நான் உடனே ஒப்புக்கொண்டேன். ஆச்சிக்குக் கண் பார்வை மங்கல் என்பதால் பெரிய எழுத்தாக, கோணல் இல்லாமல், ஓரத்தில் பூ வேலையோடு எழுத வேண்டும் என்று திட்டம் போட்டேன். ஒரு கடிதத்தில் எழுத்துப் பிழை. ஒன்றில் வரி சாய்ந்துவிட்டது. இன்னொன்றில் பூ நன்றாக வந்தது, ஆனால் செய்தி பழசாகிவிட்டது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது ஒரு கடிதம்கூட அங்கே போய்ச் சேர்ந்திருக்கவில்லை.

ஆச்சி கோபப்படவில்லை. "படிப்பு சாஸ்தியோ?" என்று மட்டும் கேட்டார்கள். என்னால் தாங்க முடியவில்லை. "இல்லை ஆச்சி, ஒன்பது கடிதம் எழுதினேன். எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு தப்பு. அதனால் அனுப்பவில்லை" என்று சொல்லிவிட்டேன். ஆச்சி சற்று நேரம் என்னையே பார்த்தார்கள். பிறகு, "ஏட்டி, அந்த ஒம்பதையும் அனுப்பியிருக்கலாம்லா? எனக்கு ஒம்பது கடுதாசி கெடச்சிருக்குமே!" என்றார்கள்.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஒன்பது முறை ஆச்சிக்குக் கிடைத்திருக்க வேண்டிய மகிழ்ச்சியை, என் கையெழுத்து அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக நான் பிடுங்கிக்கொண்டேன் என்று தோன்றிற்று. கடிதம் ஆச்சிக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அது எனக்காகவே இருந்திருக்கிறது.

விடுமுறை முடிந்து வந்ததும் நூலகத்தில் இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். நான் மட்டும்தான் இப்படி என்று எண்ணியிருந்தேன். மனநூல் வல்லுநர்கள் இதற்கென்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் டான் ஹமாசெக் 1978இல் எழுதிய கட்டுரை ஒன்றில், செம்மை வேண்டுவோரை இரு வகையாகப் பிரித்தார். ஒரு வகையினர் கடினமாக உழைத்து, உழைப்பிலும் பயனிலும் மகிழ்ச்சி காண்பவர்கள். இடத்திற்கேற்பச் சற்றுத் தளர்ந்து கொடுக்கவும் அவர்களுக்குத் தெரியும். மற்ற வகையினர் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் நிறைவே அடையாதவர்கள். 1991இல் கனடா நாட்டு அறிஞர்கள் பால் ஹெவிட், கார்டன் ஃப்ளெட் இருவரும் வேறு விதமாகப் பார்த்தார்கள். ஒருவர் தம்மிடமே குறையின்மையை எதிர்பார்க்கலாம்; பிறரிடம் எதிர்பார்க்கலாம்; அல்லது பிறர் தம்மிடம் அதை எதிர்பார்க்கிறார்கள் என்று தாமே நம்பிக்கொண்டு நடுங்கலாம். மூன்றாவதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். என்னிடம் யார்தான் அப்படி எதிர்பார்த்தார்கள்? அம்மாவா, ஆசிரியையா, ஆச்சியா? ஒருவருமே இல்லையே!

இந்தச் சமயத்தில்தான் இத்தாலி நாட்டுப் பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தின் கதை என் கையில் கிடைத்தது. உலக அதிசயம் என்று பொது அறிவுக்காக ஒரு வரி மனப்பாடம் செய்திருப்போம். அதன் முழுக் கதையை அறிந்தவர்கள் நம்மில் சிலரே.

அது பைசா பேராலயத்தின் மணிக்கூண்டு. 1173ஆம் ஆண்டு கட்டத் தொடங்கினார்கள். களிமண்ணும் மணலும் கலந்த மெத்தென்ற நிலம். அடித்தளமோ சுமார் மூன்று மீட்டர் ஆழம்தான். மூன்றாம் அடுக்கு எழும்பும் முன்பே, 1178 வாக்கில், கோபுரம் சாயத் தொடங்கிவிட்டது. அந்த நகரத்தாருக்கு எவ்வளவு வெட்கமாக இருந்திருக்கும்! நானாக இருந்தால் அன்றே இடித்திருப்பேன். அவர்கள் இடிக்கவில்லை. அண்டை நகரங்களோடு ஓயாத போர்கள் வந்தமையால் வேலை அப்படியே நின்றுபோயிற்று. ஏறக்குறைய நூறு ஆண்டுகள் அரைகுறையாகவே நின்றது. அந்தக் காலத்தில் கீழே இருந்த மண் சிறுகச் சிறுக இறுகிக் கெட்டிப்பட்டது. இடைவிடாமல் கட்டியிருந்தால் கோபுரம் அப்போதே விழுந்திருக்கும் என்று பொறியியல் வல்லுநர்கள் சொல்கிறார்கள். சில வேலைகளை அரைகுறையாக விட்டு வைப்பதும் நன்மைக்கே போலும்! (இதை என் அம்மா படிக்கக் கூடாது.)

1272இல் மீண்டும் வேலை தொடங்கியது. புதிய கட்டடக் கலைஞர் சாய்வைச் சரிக்கட்டுவதற்காக மேல் அடுக்குகளில் சாய்ந்த பக்கத்தைச் சற்று உயரமாகக் கட்டினார். ஆகவே அந்தக் கோபுரம் சாய்ந்தது மட்டுமன்று, வாழைப்பழம் போல இலேசாக வளைந்ததுமாகும். உச்சியில் மணி மண்டபம் முடிந்தபோது ஆண்டு 1372 ஆகிவிட்டது. தொடங்கி ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள்!

இனிமேல்தான் என்னைப் போன்றவர்கள் வருகிறார்கள். 1934இல் இத்தாலியை ஆண்ட முசோலினிக்கு இந்தச் சாய்வு பிடிக்கவில்லை. நாட்டுக்கே அவமானம் என்று கருதி, நிமிர்த்துமாறு ஆணையிட்டார். அடித்தளத்தில் 361 துளைகள் போட்டுச் சிமெண்டுக் கலவையை உள்ளே செலுத்தினார்கள். நடந்தது என்ன? கோபுரம் இன்னும் சற்று அதிகமாகச் சாய்ந்தது! ஐந்து முறை பிரித்த என் ரோஜாப்பூ ஞாபகம் வந்தது.

1989இல் அதே நாட்டில் பாவியா என்னும் நகரில் ஒரு பழங்கோபுரம் திடீரென இடிந்து நான்கு பேர் மாண்டார்கள். அச்சத்தால் 1990 சனவரியில் பைசா கோபுரத்தை மூடினார்கள். பல நாட்டு வல்லுநர்கள் கூடினார்கள். உயர்ந்து நின்ற வடபுறத்தில் நூற்றுக்கணக்கான டன் ஈயக் கட்டிகளை அடுக்கிப் பார்த்தார்கள். பின்னர் வடபுறத்து அடித்தளத்தின் கீழிருந்து சாய்வான குழாய்கள் மூலம் மண்ணைச் சிறிது சிறிதாக, மிகவும் பொறுமையாக வெளியே எடுத்தார்கள். கோபுரம் தானாகவே வடக்கு நோக்கி மெல்ல அமர்ந்தது. எவ்வளவு தெரியுமா? அரை டிகிரி அளவு! உச்சி நேர்நிலையிலிருந்து சுமார் நான்கரை மீட்டர் விலகியிருந்தது. அதில் அரை மீட்டருக்கும் குறைவாகவே திரும்பி வந்தது. அத்துடன் போதும் என்று நிறுத்திக்கொண்டார்கள். முழுவதும் நிமிர்த்துவது அவர்கள் நோக்கமே அன்று. 2001 டிசம்பரில் மக்கள் மீண்டும் ஏறத் தொடங்கினார்கள்.

விழாமல் இருக்க எவ்வளவு திருத்த வேண்டுமோ அவ்வளவு திருத்தினார்கள். மிச்சச் சாய்வு அதனுடையது என்று விட்டுவிட்டார்கள். இதை நான் என் கணித நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன், அடித்தல் திருத்தலோடு.

இன்னொரு விந்தையும் உண்டு. அந்தப் பகுதியில் பல நில நடுக்கங்கள் வந்திருக்கின்றன. ஏற்கெனவே சாய்ந்த கோபுரம் எப்படித் தப்பியது? 2018இல் சில பொறியியல் ஆராய்ச்சியாளர்கள் கூறிய விடை யாதெனில், கோபுரத்தைச் சாய வைத்த அதே மென்மையான மண்தான் நில நடுக்கத்தின் அதிர்வு அதன் கல்லோடு சேர்ந்து ஆடாதபடி காத்திருக்கிறது.

பைசாவுக்குப் பக்கத்திலேயே வளர்ந்த ஒரு மாமனிதரின் கதை இதற்கு நேர் எதிர். லியோனார்டோ டாவின்சியின் இராவுணவு ஓவியத்தைக் காணாத கத்தோலிக்க வீடு இருக்குமா? எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்குகிறது. 1495 முதல் 1498 வரை மிலான் நகரில் ஒரு துறவு மடத்தின் உணவு அறைச் சுவரில் அவர் அதை வரைந்தார். அக்காலத்தில் சுவர் ஓவியம் என்றால் ஈரச் சுண்ணாம்புப் பூச்சின்மேல் வண்ணம் தீட்டுவார்கள். பூச்சு காய்வதற்குள் வரைந்து முடித்துவிட வேண்டும். காய்ந்தபின் வண்ணம் சுவரோடு சுவராக இறுகிவிடும். பல நூறு ஆண்டுகள் நிற்கும். ஆனால் திருத்த முடியாது. லியோனார்டோவுக்கு அது ஒத்துவரவில்லை. நினைத்தபோது வந்து, நினைத்ததை மாற்றி, நுணுக்கமாகத் தீட்ட வேண்டும் அவருக்கு. சில நாட்களில் விடிந்தது முதல் இருட்டும் வரை உணவுகூட இன்றி வரைவார் என்றும், சில நாட்களில் தூரிகையைத் தொடாமல் கை கட்டி நின்று பல மணி நேரம் பார்த்துக்கொண்டே இருப்பார் என்றும், சிறுவனாக இருந்தபோது அதை நேரில் கண்ட பந்தெல்லோ என்ற எழுத்தாளர் குறித்து வைத்திருக்கிறார்.

ஆகவே அவர் காய்ந்த சுவரில் வரைந்தார். எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம்! ஆனால் வண்ணம் சுவரைப் பற்றவில்லை. சில பத்தாண்டுகளிலேயே உதிரத் தொடங்கிவிட்டது. 1556 வாக்கில் அதைக் கண்ட வசாரி என்பவருக்குக் கறை படிந்த மங்கலே தெரிந்ததாம். 1978 முதல் 1999 வரை இருபத்தொரு ஆண்டுகள் உழைத்து, மிஞ்சியதைச் சுத்தம் செய்து காப்பாற்றியிருக்கிறார்கள். அவர் பொறுமையாகத் தீட்டாமல் இருந்திருந்தால் அந்த முகங்கள் அப்படி அமைந்திருக்குமா என்றும் கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்தேன். விடை சொல்ல எனக்கு வயது போதாது.

இப்பொழுது நம் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் நன்கு தெரிந்த ஒருவரிடம் வருகிறேன். சிறுமலர் என்ற பெயரில் எத்தனை கன்னியர் மடங்கள், எத்தனை பள்ளிகள்! அந்தச் சிறுமலராகிய குழந்தை தெரேசம்மாள் பிரான்சு நாட்டில் 1873இல் பிறந்தவர். அவரைப் படத்தில் ரோஜாப்பூக்களோடும் புன்னகையோடும் கண்டு, இவருக்கென்ன, குறையே இல்லாத பிறவி என்று எண்ணியிருந்தேன். அவருடைய வாழ்க்கை வரலாற்றைப் படித்தபோது வியப்பாக இருந்தது. பன்னிரண்டு வயதில், 1885இல் ஒரு தியானத்தில் பாவத்தைப் பற்றிக் கேட்டது முதல், அவருக்குக் கடுமையான மன உறுத்தல் பிடித்துக்கொண்டது. எந்த எண்ணம் வந்தாலும் இது பாவமோ, எந்தச் சிறு செயலைச் செய்தாலும் அது குற்றமோ என்ற நடுக்கம். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுகள் இந்த வேதனை. நாள்தோறும் தம் அக்காள் மரியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுது ஆறுதல் பெறுவார். 1886இல் அந்த அக்காளும் மடத்திற்குப் போய்விட்டார். பின்பு, குழந்தைகளாகவே இறந்துபோன தம் உடன்பிறந்தோர் நால்வரையும் நினைத்து, விண்ணில் இருக்கும் நீங்களாவது உதவக் கூடாதா என்று வேண்டினாராம். அமைதி கிடைத்தது.

1888இல் அவர் லிசியே ஊர்க் கார்மேல் மடத்தில் சேர்ந்தபோது வயது பதினைந்து. என் வயது! அங்கே அவர் செபிக்கும் நேரத்தில் அடிக்கடி தூங்கிவிடுவார். முன்னைய தெரேசாவாக இருந்தால் இதற்கு எவ்வளவு அழுதிருப்பார்? இந்தத் தெரேசாவோ, குழந்தைகள் விழித்திருந்தாலும் உறங்கினாலும் பெற்றோருக்கு இனியவர்களே என்று எண்ணிக்கொண்டார். புனித நிலை என்னும் செங்குத்தான படியில் தம்மால் ஏற முடியாது என்று கண்டு, அப்போது செல்வர் வீடுகளில் புதிதாக வந்திருந்த மின்தூக்கியை உவமையாகச் சொன்னார். இயேசுவின் கைகளே தமக்கு மின்தூக்கி. அதில் ஏறத் தாம் வளர வேண்டியதில்லை, சிறியவளாகவே இருந்தால் போதும் என்றார். மடத்து வாழ்வில் மின்தூக்கியை உவமை சொல்லத் தோன்றியதே, அந்தத் துணிவை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கண்ணீரும் வருகிறது.

அவர் தம் வரலாற்றை எழுதியது சாதாரணப் பள்ளி நோட்டுப் புத்தகத்தில். எழுத்துப் பிழைகள் அதில் உண்டு. நோய் முற்றிய கடைசி மாதங்களில் பேனா பிடிக்க வலுவில்லாமல் இறுதிப் பக்கங்களைப் பென்சிலால் எழுதினார். முடிக்காமலே விட்டார். 1897இல் இருபத்து நான்கு வயதில் இறந்தார். மறு ஆண்டு அது நூலாக வந்தபோது, உடன்பிறந்த அக்காளும் மடத்துத் தலைவியுமாக இருந்தவர் அன்பின் மிகுதியால் ஆயிரக்கணக்கான திருத்தங்கள் செய்தே வெளியிட்டார். உலகம் படித்துப் போற்றியது அந்தத் திருத்திய நூலை. 1956இல்தான் தெரேசம்மாளின் சொந்தக் கையெழுத்திலேயே, பிழைகளோடும் அடித்தல்களோடும் உள்ளபடி அச்சிட்டார்கள். அதன் பின்னர் அறிஞர்கள் தேடிப் படிப்பது அதைத்தான். 1997இல் திருச்சபையின் மறைவல்லுநர் என்ற பட்டம் அவருக்குக் கிடைத்தது. எழுத்துப் பிழை செய்த ஒரு மறைவல்லுநர்! எங்கள் தமிழாசிரியை இதை வகுப்பில் சாக்காகச் சொல்லக் கூடாது என்று ஏற்கெனவே எச்சரித்திருக்கிறார்கள்.

இவ்வளவும் எழுதியபின் வீட்டில் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "எல்லாரும் பிழையைப் பொறுத்துக்கொண்டால், மருந்து கொடுக்கும் நர்சும் பொறுத்துக்கொள்ளலாமா? பாலம் கட்டுகிறவர்?" என்றார். நியாயமான கேள்வி. ஒரு நாள் முழுவதும் யோசித்தேன். மருந்துச் சீட்டை மும்முறை பார்க்கும் நர்சு நோயாளியை நினைத்துப் பார்க்கிறார். தொடுகோட்டை மும்முறை வரைந்த நான் நினைத்தது என்னைப் பற்றி. மேலும் அந்த நர்சு தம் பிழையை உடனே சொல்லிவிட்டால் நோயாளி பிழைப்பான். பிழையே செய்யாதவளாகத் தோன்ற வேண்டும் என்று மறைத்தால்? பிழையைக் கண்டு நடுங்குகிறவர்கள்தாம் அதை மறைப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் மறைத்தேனே!

வள்ளுவர் என்ன சொல்கிறார் என்று தோழி ஒருத்தி கேட்டாள். குற்றங்கடிதல் என்று தனி அதிகாரமே வைத்திருக்கிறாரே! பழிக்கு நாணுகிறவர்கள் தம்மிடம் உள்ள தினை போன்ற குற்றத்தையும் பனை போலப் பெரிதாகக் காண்பார்கள் என்று புகழ்கிறார். அப்படியானால் நான் செய்தது சரிதானா? திரும்பத் திரும்பப் படித்தேன். அவ்வதிகாரத்தில் அவர் கடியச் சொல்பவை செருக்கு, சினம், கடும்பற்று போன்றவை. மைக் கசிவும் கோணல் வரியும் அதில் இல்லை. நான் மைக் கசிவைப் பனையாகக் கண்டேன். ஆசிரியையின் முகத்தைப் பார்த்துச் சொன்ன பொய்யைத் தினையாகக்கூடக் காணவில்லை. பனையும் தினையும் இடம் மாறிப் போயிருந்தன.

மறைக்கல்வி வகுப்பிலும் கேட்டேன். விண்ணகத் தந்தை நிறைவுள்ளவராய் இருப்பதுபோல நீங்களும் நிறைவுள்ளவர்களாய் இருங்கள் என்று இயேசு சொல்லியிருக்கிறாரே, அதற்கென்ன பதில் சிஸ்டர்? சிஸ்டர் மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தை எடுத்து அதற்கு முந்திய வரிகளைப் படிக்கச் சொன்னார்கள். பகைவரிடத்தும் அன்பு, நல்லோர் தீயோர் இருவர்மீதும் உதிக்கும் கதிரவன், நேர்மையுள்ளோர் நேர்மையற்றோர் இருவர்மீதும் பெய்யும் மழை, இவையே அங்கே இருந்தன. பிறகு லூக்கா ஆறாம் அதிகாரம். அதே பேச்சில் நிறைவு என்ற சொல் இருக்கும் இடத்தில் இரக்கம் என்ற சொல் இருக்கிறது. "யாரை வெறுத்துக்கொண்டிருக்கிறாய்?" என்று சிஸ்டர் கேட்டார்கள். ஒருவரையும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். தேர்வன்று கறுத்த பக்கத்தைப் பார்த்து என்னை நானே மனத்துக்குள் என்னென்ன சொல்லித் திட்டினேன் என்பது நினைவுக்கு வந்தது. அந்தச் சொற்களை என் தோழிக்குச் சொல்லியிருந்தால் அவள் என்னோடு பேசியிருக்கவே மாட்டாள்.

ஒரே நாளில் மாறிவிட்டேன் என்று எண்ண வேண்டாம். மறுபடியும் கணக்குத் தேர்வு வந்தபோது என் கை தானாகவே அழிப்பானை நோக்கிப் போயிற்று. இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். வடிவியல் படத்தைக் கடைசியில் வரைகிறேன். பேனாவால் எழுதிய பிழையை ஒரே கோட்டால் அடித்துவிட்டு மேலே போகிறேன், பக்கத்தைக் கிழிப்பதில்லை. கிழிக்காத நோட்டு சற்றுப் பருமனாகவே இருக்கிறது. சில நாள் அந்த அடித்த கோடு கண்ணை உறுத்தும். சில நாள் உறுத்தாது. மேசை விரிப்பின் பொத்தலுக்கு மேல், தையல் சிஸ்டர் சொன்னபடி வேறு துணியில் ஓர் இலை வெட்டி ஒட்டுத் தையல் போட்டேன். பூ இல்லாமல் இலை மட்டும் இருக்கிற விரிப்பு என்னுடையது ஒன்றுதான். எங்கள் வீட்டுச் செபப் பீடத்தின்மேல் விரித்திருக்கிறது.

தமிழாசிரியையிடம் பொய்யைச் சொல்லிவிட்டேன். நான்கு கட்டுரைகளையும் கொண்டு போய்க் காட்டினேன். ஆசிரியை அவற்றைப் படித்துவிட்டு, "முதலாவதுதான் நன்றாக இருக்கிறது" என்றார்கள்! பிறகு சற்றுக் கடுமையாகவே, "எழுதவில்லை என்று சொன்னாயே, அதுதான் எனக்கு வருத்தம்" என்றார்கள். இந்த ஆண்டுக் கட்டுரையை எழுதி முடித்த அன்றே கொடுத்துவிட வேண்டும் என்பது அவர்கள் எனக்கு இட்ட தண்டனை. அந்தத் தண்டனைதான் இப்போது உங்கள் கையில் இருக்கிறது.

ஆச்சிக்கும் பொங்கல் விடுமுறையில் கடிதம் போட்டேன். ஓரத்தில் பூ இல்லை. இரண்டாம் பக்கத்தில் ஒரு சொல்லை எழுதி, பிடிக்காமல் நன்றாகக் கறுக்க அடித்து, அதன் மேலேயே வேறு சொல் எழுதியிருந்தேன். அஞ்சல் பெட்டியில் போட்ட பிறகும் கையை உள்ளே விட்டு எடுத்துவிடலாமா என்று ஒரு கணம் நின்றேன். ஐந்தாம் நாள் ஆச்சி தொலைபேசியில் கூப்பிட்டார்கள். கடிதத்தை மூன்று தடவை படித்தார்களாம். சன்னல் பக்கம் கொண்டு போய் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தார்களாம். "எல்லாம் புரிஞ்சுது. ரெண்டாம் பக்கத்துல ஒரு சொல்ல அடிச்சிருக்கியே, அது என்ன சொல்லுட்டி?" என்று கேட்டார்கள். நான் சொன்னேன். "அதயே எழுதியிருக்கலாமே!" என்றார்கள் ஆச்சி.